பீப் சத்தம் யாருக்குக் கேட்கிறது?

கேள்வி: எங்களிடம் 2013 ரொயோட்டா அக்வா, பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார். றிவேர்ஸ் போட்டால் பீப், பீப் என்று விடாமல் அடிக்கிறது. "பின்னால் வாற சனத்துக்குக் கேட்கும்தானே, நல்லது" என்கிறார் அம்மா. எனக்குத் தலையிடி. வயரிங் செய்யும் தம்பி ஒருவர் பஸரையே கழற்றிவிடலாம் என்கிறார். கழற்றலாமா?
(வாசகி, கொக்குவில்)

பதில்: அம்மா நினைப்பது தவறு, அதை இன்றைக்கே அவருக்குக் காட்டிவிடுங்கள். காரை முற்றத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, பிரேக்கை மிதித்தபடி றிவேர்ஸ் போடுங்கள். அம்மா படலையடியில் நிற்கட்டும். அவருக்கு ஒன்றும் கேட்காது. அந்த பீப் மீற்றருக்குள் இருக்கும் பஸரில் இருந்து வருகிறது, கியர் றிவேர்ஸில் இருக்கிறது என்று ஓட்டுபவருக்கு மட்டும் சொல்வதற்காக. நம் ஒழுங்கைகளில் மதிலோரம் விளையாடும் பிள்ளைக்கும் சைக்கிளில் வரும் பெரியவருக்கும் அது போய்ச் சேராது, அதுவும் மெதுவாகப் போகும்போது எஞ்சினும் ஓடாது. உள்ளே காது கிழிய அடிப்பதால் வெளியேயும் கேட்கும் என்று நம்பி வேகமாகப் பின்னெடுக்கும் பலரை நான் பார்த்திருக்கிறேன், எனக்குப் பயமாக இருக்கும்.

வெளியே கேட்பதற்கென்று இருப்பது வேறு. ஹைபிரிட் கார்கள் சத்தமில்லாமல் வருகின்றன என்று பார்வையற்றவர்கள் சொல்லச் சொல்லத்தான் ஜப்பான் 2010இல் இதற்கு வழிகாட்டி விதி கொண்டு வந்தது. காரின் முன்பக்கத்தில் ஒரு சிறிய ஸ்பீக்கர், மோட்டர் ரீங்காரம் போல ஒரு சத்தம், வேகம் கூடக் கூட அதுவும் மாறும். பிறகு வந்த ஐ.நா. விதிப்படி 20 கிலோமீற்றர் வேகம் வரை அது கேட்க வேண்டும், 10 கிலோமீற்றரில் குறைந்தது 50 டெசிபல். உங்கள் காரின் வயதுடைய கார்கள் சிலவற்றில் அதை நிறுத்தும் பொத்தானும் இருக்கிறது. ஸ்டியரிங் பக்கத்தில் தேடிப் பாருங்கள், முந்திய சொந்தக்காரர் நிறுத்திவிட்டுப் போயிருந்தால் போட்டுவிடுங்கள்.

சரி, தலையிடிக்கு வருவோம். பஸரைக் கழற்ற வேண்டாம். சீட் பெல்ட், பிரேக் கோளாறு எல்லாவற்றுக்கும் குரல் கொடுப்பது அதே பஸர்தான். காரில் கணினி இணைத்துப் பார்க்கும் கராஜில் சொன்னால் றிவேர்ஸ் பீப்பை ஒரே ஒரு தடவை அடிக்கும்படி மாற்றித் தருவார்கள்.

கேள்வி: என் பிரியஸ் ஹைபிரிட் காரில் எஞ்சின் ஓடாத நேரத்திலும் முன்னால் இருந்து "ஙொய்ங்" என்று ஒரு சத்தம். போன கிழமை இரண்டு தடவை நீளமாக பீப் அடித்துச் சிவப்பு விளக்கும் வந்தது, காரை நிறுத்திப் போட்டதும் போய்விட்டது. இன்னும் ஓடலாமா?
(வாசகர், வவுனியா)

பதில்: ஓட வேண்டாம். இந்த வரியோடு நிறுத்திவிட்டுத் திறப்பை எடுத்து வைத்துவிடுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

அந்த "ஙொய்ங்" பிரேக் பம்ப். சாதாரணக் காரில் எஞ்சின் தரும் உறிஞ்சு விசை பிரேக்குக்கு உதவும். பிரியஸில் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடுவதால், மின் பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தி ஒரு சிறிய தொட்டியில் சேர்த்து வைக்கிறது. கதவைத் திறந்ததும் சில வினாடி ஓடி நின்றால் அது நல்ல பம்ப். பிரேக்கைத் தொடாமல் நிற்கும்போதே திரும்பத் திரும்ப ஓடினால், சேர்த்த அழுத்தம் உள்ளே எங்கோ கசிகிறது. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் சிவப்பு விளக்கும் நீளமான பீப்பும் வரும். உங்களுக்கு வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அப்போது பெடல் கல்லுப் போல இருக்கும். வீதியில் வந்துவிட்டால் பெடலைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல், முழுப் பலத்தோடு ஒரேயடியாக மிதித்தபடி ஓரங்கட்டுங்கள். கராஜுக்குக் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பாகத்தை மாற்றினால், பிரேக் குழாய்களுக்குள் போன காற்றை எடுப்பதையும் கணினி இணைத்துத்தான் செய்ய வேண்டும், அது இல்லாத கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: திறப்போடு இறங்கினால் என் ஹைபிரிட் கார் கத்துகிறது. ஏன்?
(வாசகர், மட்டக்களப்பு)

பதில்: அணைக்காமல் இறங்குகிறீர்கள். எஞ்சின் சத்தம் இல்லாததால் அணைத்துவிட்டதாகத் தோன்றும். மீற்றரில் "ரெடி" விளக்கு எரிந்தால் கார் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, பற்றரி இறங்கினால் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும். வீட்டோடு ஒட்டிய மூடிய கராஜ் என்றால் அந்தப் புகை உள்ளே நிறைந்துவிடும். திறப்பைத் திருகாமல் பொத்தானை அழுத்தி ஓட்டும் கார்களை இப்படி அணைக்காமல் விட்டுப்போய் அமெரிக்காவில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான், 2020 மாடல் முதல் தானாக அணையும் வசதி தருவதாக ரொயோட்டா 2019இல் அங்கே அறிவித்தது. இங்கே ஓடும் பழைய கார்களில் அது இல்லை. இறங்கும் முன் விளக்கைப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்கிறது. கோளாறா?
(வாசகி, திருகோணமலை)

பதில்: இல்லை. ஜப்பானின் கட்டண வீதிக்கான அட்டை செருகப்படவில்லை என்று சொல்கிறது. அந்த அட்டை செருகும் சிறிய பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும், காருக்கு ஒன்றும் ஆகாது.