பதினோரு மாத வேலை

அன்புள்ள அக்கா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். விலங்கியல் படித்தவன். ராமநாதபுரத்தில் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் வசூல் வேலை, நாலு வருடம் ஏழு மாதம் ஆகிவிட்டது. மகளிர் குழுக்களிடம் தவணை வாங்க வேண்டும். போன மீன்பிடித் தடைக்காலத்தில் ராத்திரி எட்டு மணிக்கு என் சித்தி வீட்டு வாசலிலேயே போய் நின்றேன். இப்போது ஒரு கடல் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராகக் கூப்பிடுகிறார்கள். இறங்குதளங்களில் மீன்வரத்தைக் கணக்கெடுக்கும் வேலை. திட்டம் மூன்று வருடம், ஒப்பந்தம் பதினோரு மாதம். சம்பளம் இப்போது வாங்குவதுதான். ஏப்ரல் முதல் வாரம் சேர வேண்டும், ஆனால் இங்கே இரண்டு மாத நோட்டீஸ். தங்கை கல்லூரியில் படிக்கிறாள். விசைப்படகில் பங்குக்குப் போகும் அப்பா, "நிரந்தர வேலையை விட்டுட்டு பதினோரு மாசத்துக்குப் போறேங்கிறியே" என்கிறார். என்ன செய்யட்டும்?

*

அன்புள்ள தம்பி,

போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் போகிற தேதியும் கையில் இருக்க வேண்டிய பணமும் முக்கியம். அதைத்தான் நிறைய எழுதப்போகிறேன்.

முதலில் அப்பா. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில்தான் அவருக்குப் பங்கு. இலங்கைக் கடற்படை பிடித்தால் அதுவும் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வீட்டை உங்கள் மூலமாகத்தான் அவர் முதல்முறையாகப் பார்க்கிறார். அந்தப் பயத்தோடு வாதாடாதீர்கள். ஆனால் உங்கள் பணிநியமனக் கடிதத்தை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நிறுவனம் உங்களை எத்தனை நாள் நோட்டீஸில் அனுப்பலாம் என்று அதில் இருக்கும். தனியார் வேலையில் நிரந்தரம் என்பது பெரும்பாலும் அவ்வளவுதான்.

வேலை பிடிக்கவில்லை என்பதற்காக நீங்கள் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. நுண்கடன் வாங்கியவரை வசூலுக்காக மாலை 6 மணிக்கு மேல் தொடர்பு கொள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. எட்டு மணிக்கு உங்களை அனுப்பியவர்கள் விதியை மீறித்தான் அனுப்பியிருக்கிறார்கள். படகெல்லாம் கட்டிக் கிடக்கும் மாதத்தில் சொந்தக்காரர் வாசலில் நின்று தவணை கேட்க மனசு கூசினால், அந்த மனசைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சொல்ல நான் தயாரில்லை.

சரி, இப்போது பணம். ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கொள்வார்கள். பெரும்பாலும் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்தான் கணக்கு. அது இரண்டும் சேர்ந்து 11,000 ரூபாய் என்றால் ஐந்து வருடத்துக்குச் சுமார் 31,700 ரூபாய் வரும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த வருடத்தை முழுதாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-ல் ஒரு வழக்கில் சொன்னது. இன்றே ராஜினாமா கொடுத்து, இரண்டு மாத நோட்டீஸை முழுக்க வேலை பார்த்தே கழித்தால் நாலு வருடம் ஒன்பது மாதம் ஆகிவிடும். விடுப்பு அதிகம் எடுக்காதவர் என்றால் 240 நாளைத் தாண்டியிருப்பீர்கள். நிறுவனம் தகராறு செய்யலாம். அதனால் ராஜினாமாவுக்கு முன்பே தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். திட்டத்துக்காரர்களிடம் மே நடுவில் சேர அவகாசம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் முடியாது என்றால்? அப்போதும் போங்கள், முப்பதாயிரத்துக்காக இதை விட வேண்டாம். நோட்டீஸ் நாளுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவு செய்துவிடாதீர்கள், அதே பொதுக் கணக்கு எண்ணை (UAN) அடுத்த வேலைக்கும் தொடரலாம். புது இடத்தில் தொகுப்பூதியம் மட்டும்தானா, வைப்பு நிதி பிடிப்பார்களா என்பதையும் கேட்க வேண்டும்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறொன்று. ஏப்ரலில் சேர்ந்தால் பதினோரு மாதம் மார்ச்சில் முடியும். மே நடுவில் சேர்ந்தால் ஏப்ரல் நடுவில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். புதுப்பிக்கும் உத்தரவு கொஞ்சம் தாமதமானாலும் அப்பாவின் பங்கும் உங்கள் சம்பளமும் ஒரே நேரத்தில் நிற்கும். தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் காலமும் அதையொட்டித்தான் வரும். திட்டங்களில் நிதி வந்து சேராமல் இரண்டு மாதம் மூன்று மாதம் சம்பளம் தள்ளிப்போவதும் நடக்கும். ஆகவே நாலு மாத வீட்டுச் செலவாவது தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் ஆறேழு மாதச் சம்பளத்திலிருந்து அதைச் சேர்த்தாக வேண்டும். வேலை மாறிய கையோடு பைக்குக்கோ வீட்டுக்கோ புதுக் கடன் எதுவும் வாங்காதீர்கள்.

ஒரு நாள் நிரந்தரமாக்குவார்கள் என்ற எண்ணத்தோடு சேராதீர்கள். எத்தனை வருடம் தற்காலிகமாக இருந்தாலும் அதை மட்டும் வைத்து நிரந்தரப் பணி கேட்கும் உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே உமாதேவி வழக்கில் சொல்லிவிட்டது. அங்கே நீங்கள் சம்பாதிக்கப்போவது அனுபவம். எந்த மீன் எந்த மாதம் எந்த வலையில் வருகிறது என்று அப்பாவுக்குத் தெரிந்ததை நீங்கள் அளந்து, எழுதி, இனம் பிரித்துக் கற்பீர்கள். 1947-ல் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு உங்கள் பக்கத்து ஊரான மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போனபிறகும் அதன் மையம் இங்கே இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். இந்தக் கடற்கரையில் ஒரு திட்டம் முடிந்தால் அடுத்ததற்கு விண்ணப்பிக்க இடம் இருக்கிறது, கையில் அனுபவச் சான்றிதழ் இருந்தால். ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் அதைத் தேதியோடு கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், அதே திட்டத்திலோ அதுபோல வேறொன்றிலோ முன்பு வேலை செய்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். சம்பளம் எந்தத் தேதிக்கு வந்தது, புதுப்பிக்க எத்தனை நாள் ஆனது, இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில் என்ன செய்தார் என்று கேளுங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவகாசம் கேட்கும் கடிதத்தை மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.