கேள்வி–பதில்: நீலம் ஏன் மாறவில்லை?

கேள்வி: மாப்பொருளுடன் உமிழ்நீர் சேர்த்து அயடீன் இட்டோம். பத்து நிமிடமாகியும் கருநீலம் மாறவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு இதை எப்படி விளக்குவது?
– மாணவி, அட்டன்

பதில்: மாப்பொருள் இருக்கும்வரை அயடீன் கருநீலம் காட்டும், அது உடைந்தால்தான் நீலம் மறையும். உங்கள் குழாயில் அது உடையாததற்குக் குளிர்தான் காரணமாக இருக்கும். உங்கள் ஊர்க் காலைநேரத்தில் குழாய்நீரில் வைத்த சோதனைக்குழாயில், மாப்பொருளை உடைக்கும் உமிழ்நீர் நொதியமான அமிலேசு மிக மெதுவாகவே வேலை செய்யும். 1% மாப்பொருள் கரைசல் 5 மில்லிலீற்றரும் உமிழ்நீர் 1 மில்லிலீற்றரும் எடுத்து, 37 பாகை நீர்த்தொட்டியில் வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து, வெள்ளை ஓட்டில் உள்ள அயடீன் துளியோடு சேருங்கள். அயடீனைக் குழாய்க்குள்ளேயே ஊற்றிவிடாதீர்கள். கலவை சூடாக இருந்தால் சமிபாடு நடக்காமலே நீலம் மறைந்து ஏமாற்றும்! கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீரோடு இன்னொரு குழாயும் வேண்டும். அதில் நீலம் மாறாது.

விடைத்தாளில் "நொதியம் இறந்தது" என்று எழுதுவோர் ஏராளம். நொதியம் உயிருள்ள பொருள் அல்ல, புரதம். கொதித்தால் அதன் வடிவம் குலையும், பிறகு திரும்பாது. குளிரில் குலைவதில்லை, அதே குழாயை வெதுவெதுப்பாக்கினால் வேலையைத் தொடங்கிவிடும். புள்ளி இந்த வேறுபாட்டுக்குத்தான்.