கோழி இறகை உரமாக்க பாக்டீரியா: மூடிய டிரம் ஏன் நாறுகிறது?

கேள்வி: கோழி இறைச்சிக் கடை நடத்துகிறேன். தினமும் மூட்டை மூட்டையாக இறகு சேர்கிறது. கடையில் விற்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவை வாங்கி, மொலாசஸ் (சர்க்கரை ஆலைப் பாகு) கலந்து, தண்ணீரோடு டிரம்மில் ஊற்றி மூடி வைத்தேன். வாரக்கணக்கில் ஆகியும் இறகு அப்படியே கிடக்கிறது, நாற்றம்தான் தாங்கவில்லை. என்ன தவறு?

பதில்: இறகில் சுமார் 90 சதவீதம் கெரட்டின் என்ற புரதம். நம் முடியும் நகமும் இதே இனம்தான். இதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருப்பதால் சாதாரணக் கிருமிகளுக்குப் பல் இறங்காது. கெரட்டினேஸ் என்ற என்சைமைச் சுரக்கிற பாக்டீரியாதான் வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் கோழிக்கழிவிலிருந்து பிரித்தெடுத்து, 1990-ல் ஆய்வாக வெளியிட்ட பேசில்லஸ் லைகெனிஃபார்மிஸ் ரகம் இதில் பேர்போனது. அது நன்றாக வளர்வது 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். சப்டிலிஸிலும் இறகைச் சிதைக்கும் ரகங்கள் உண்டு. ஆனால் பயிர் நோய்க்கென்று விற்கும் பாக்கெட்டில் இருப்பது அந்த ரகம்தானா என்பது சந்தேகம்.

மொலாசஸ் வேறு சேர்த்துவிட்டீர்கள். எளிதான சர்க்கரை கிடைத்தால் பாக்டீரியா ஏன் இறகோடு மல்லுக்கட்டப் போகிறது? பல ரகங்களில் சர்க்கரை இருந்தால் கெரட்டினேஸ் சுரப்பே குறைந்துவிடும். மூடியைப் போட்டதும் காற்றும் போச்சு. ரத்தமும் கொழுப்பும் அழுகத் தொடங்கின. அழுகிய முட்டை வாடை வந்திருந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. விஷவாயு அது, டிரம்மைத் திறந்தவெளியில் வைத்துத் திறங்கள், குனிந்து பார்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு டிரம் வேண்டாம், குவியல் போதும். இறகைக் கழுவி ரத்தத்தைப் போக்குங்கள். காய்ந்த இறகில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 15 சதவீதம் இருப்பதால், வைக்கோல், சருகு மாதிரி கரிச்சத்துள்ள (கார்பன்) பொருள் தாராளமாக வேண்டும். கரி-தழைச்சத்து விகிதத்தை 25-30க்கு 1 என்று கொண்டுவரக் கணக்குப் போட்டால், ஒரு கிலோ காய்ந்த இறகுக்கு வைக்கோலே பத்து கிலோவைத் தாண்டும். பலரும் கஞ்சத்தனம் பண்ணுவது இங்கேதான். அந்த மிச்சத் தழைச்சத்துதான் அம்மோனியாவாகக் கண்ணை எரிக்கிறது. கூடவே கொஞ்சம் மட்கிய சாணம், இறகு நெடுநாள் கொட்டிக்கிடந்த இடத்து மண் ஒரு கூடை. கெரட்டின் தின்னும் பாக்டீரியா அந்த மண்ணிலேயே இருக்கும், தனியாக வாங்க வேண்டியதில்லை.

ஒரு கைப்பிடியைப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வராத ஈரம் போதும். உள்ளே 55 டிகிரியைத் தாண்டிச் சூடேற வேண்டும், அப்போதுதான் சால்மொனெல்லா மாதிரிக் கிருமிகள் சாகும். ஓரத்தில் இருப்பது உள்ளே போகிற மாதிரி புரட்டிப் புரட்டிப் போட்டு, ஒவ்வொரு முறையும் சூடு திரும்ப ஏறுகிறதா என்று தெர்மாமீட்டரில் பாருங்கள். புரட்டும்போது கையுறை, முகக்கவசம் கட்டாயம்.

முடிந்ததா என்று அறிய ஒரு இறகை எடுத்துப் பாருங்கள். இருபக்கத்து மெல்லிய இழைகள் முதலில் காணாமல் போகும். நடுத்தண்டு கடைசிவரை முரண்டு பிடிக்கும். தண்டு விரலில் நசுங்கிப் பிய்ந்தால் சரி. பிறகு சில வாரம் ஆறவிட்டுப் பயிருக்குப் போடலாம். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இறகில் சொற்பம் என்பதால் அவற்றைத் தனியே கொடுக்க வேண்டும்.

அப்புறம், நோய் வந்து செத்த கோழியின் இறகை மட்டும் இந்தக் குவியலில் சேர்க்காதீர்கள். பறவைக்காய்ச்சல் சந்தேகம் இருந்தால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.