வாசகர் கேள்வி: ஏப்ரல் முடியும்போதே என் பேஸ்பால் அணி 30 ஆட்டங்களில் 11தான் வென்றிருக்கிறது. இந்த சீசன் அவ்வளவுதானா?

பதில்: மொத்தம் 162 ஆட்டங்கள், இன்னும் 132 பாக்கி. வெற்றிக் கணக்கை விட்டுவிட்டு ரன் கணக்கைப் பாருங்கள். அடித்த ரன்களின் வர்க்கத்தை, அடித்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 125 அடித்து 130 கொடுத்திருந்தால் வெற்றி விகிதம் 0.480 வரும்; அதாவது 30 ஆட்டங்களில் 14 வெற்றிகள் கிடைத்திருக்க வேண்டிய அணி. மீதி மூன்றும் பெரும்பாலும் ஒரு ரன்னில் நழுவியவை. அது தானாகவே சரியாகும். மாறாக, 100 அடித்து 150 கொடுத்திருந்தால் கவலை நியாயமானதே.

அடுத்து, பேட்டர்களின் சராசரியை இப்போதே நம்பாதீர்கள். குளிரில் பந்து அவ்வளவு தூரம் பறக்காது. நன்றாக அடித்ததும் கேட்ச் ஆகும். ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் ஆகி பேட்டர் வெளியேறும் விகிதம்தான் சீக்கிரம் உண்மை சொல்லும். அது போன வருடத்தைவிட வெகுவாக ஏறியிருந்தால் கோளாறு ஆட்டக்காரரிடமே இருக்கலாம்.

2019இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 19 வெற்றி, 31 தோல்வியில் கிடந்தது. முக்கிய ஆட்டக்காரர் டிரே டர்னர் விரல் முறிந்து அதற்குள் ஆறு வாரங்களுக்கு மேல் ஆடாமல் இருந்திருந்தார். கடைசி இன்னிங்ஸ்களில் வரும் ரிலீவர்கள் முன்னிலையைக் காக்கவே இல்லை. ஆனால் ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின் என்று தொடக்கப் பந்துவீச்சு உறுதியாக இருந்தது. 93 வெற்றிகளோடு முடித்து, சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸையே வென்றார்கள். 2022இல் 3 வெற்றி, 22 தோல்வியோடு தொடங்கிய சின்சினாட்டி ரெட்ஸோ 100 ஆட்டங்களில் தோற்றது. உங்கள் அணியின் தொடக்கப் பந்துவீச்சாளர்கள் எப்படி வீசுகிறார்கள்? முதலில் அதைப் பாருங்கள்.