கிலோவுக்கு எவ்வளவு விழுகிறது? மளிகைச் செலவு பற்றி வாசகர் கேள்விகள்

மாதம் பிறந்தால் செய்தித்தாளோடு சூப்பர் மார்க்கெட் நோட்டீசுகளும் வந்துவிடுகின்றன. மூன்று கடை ஏறி இறங்கி, சலுகையில் இருப்பதாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன். ஆனாலும் மளிகைச் செலவு குறையவே இல்லை. எங்கே தவறுகிறது?
- வாசகி, தருமபுரி

நோட்டீசைப் பார்த்துப் பட்டியல் போடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. பட்டியலை முதலில் எழுதிவிட்டு, அதில் உள்ள பொருள் நோட்டீசில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது கூடுதல் செலவுதான்.

பட்டியலில் ரேஷனில் கிடைப்பதை முதலில் கழியுங்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய் (மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 13.50), அரிசி இலவசம். தருமபுரி மாவட்டத்தில் 2023 முதல் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகும் தருகிறார்கள். வெளியே நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பருப்பை 30 ரூபாய்க்குத் தரும் சலுகையை எந்தக் கடையும் அறிவிக்கப் போவதில்லை. வரிசையில் நிற்கச் சலித்து அந்த ஒரு கிலோவை விட்டுவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் எட்டு ரூபாய் தள்ளுபடியைத் தேடும் வீடுகள் நிறைய இருக்கின்றன. பார்க்க வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, ஒரு விலை நோட்டு போடுங்கள். பொருள், கடை, எடை, கொடுத்த விலை, கிலோ விலை, தேதி என்று ஆறு கட்டம் போதும். கிலோ விலைக்குக் கணக்கு இதுதான்: கொடுத்த விலையைக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். 400 கிராம் 62 ரூபாய் என்றால் கிலோ 155. அதே பொருள் வேறு கடையில் 500 கிராம் 74 ரூபாய் என்றால் கிலோ 148. பார்வைக்கு 62 ரூபாய்ப் பாக்கெட்தான் மலிவு, கணக்கில் 74 ரூபாய்ப் பாக்கெட்தான் மலிவு. (இந்தப் பக்கத்தில் வரும் கடை விலைகள் கணக்கை விளக்குவதற்காக. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

எல்லாப் பொருளையும் எழுதினால் ஒரே வாரத்தில் அலுத்துவிடும். அரிசி, எண்ணெய், துவரம்பருப்பு, உளுந்து, புளி, மிளகாய், தேயிலை அல்லது காபித்தூள், துணி சோப்பு, குளியல் சோப்பு, பாத்திரம் துலக்கும் சோப்பு ஆகிய பத்தை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் மளிகை பில்லின் கனமான பகுதி இவைதான். கடுகிலும் சீரகத்திலும் இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க அலைய வேண்டாம். இரண்டு மூன்று மாதம் எழுதினால், எந்தக் கடையில் எந்த வாரம் எது இறங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றில் எச்சரிக்கை வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், நெய், வெண்ணெய்க்கு 12-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. அதற்கு முந்தைய விலையை மனதில் வைத்து ஒப்பிட்டால் இன்று எல்லாமே சலுகையாகத்தான் தெரியும். பழைய பக்கங்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.

கடைசியாக, மூன்று கடை வேண்டாம், இரண்டு போதும். மூன்றாவது கடையில் மிச்சமாவதைப் பெட்ரோலும், அங்கே கண்ணில் பட்டு வாங்கும் நொறுக்குத்தீனியும் தின்றுவிடும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டி, பெட்ரோல் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்றால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 25 காசு. நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து 20 கிலோமீட்டர் போய் வந்தால் 45 ரூபாய். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பயணம் இலவசம். அதில் போகிறவர்கள் கனமில்லாத, விலை கூடிய பொருள்களை நகரத்தில் வாங்கிக்கொண்டு, அரிசி மூட்டையை ஊரிலேயே வாங்கலாம்.

ஒரு கடையில் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் 155, இன்னொரு கடையில் சலுகையில் 132. இரண்டும் கையில் ஒரே அளவாகத்தான் தெரிகின்றன. 132 ரூபாய்க்கு வாங்குவதுதானே லாபம்?
- வாசகர், கிருஷ்ணகிரி

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். ஒரு லிட்டர் பாக்கெட்டைப் போலவே வடிவமும் அச்சும் கொண்டு 750, 800, 850 கிராம் பாக்கெட்டுகளும் விற்பனையில் இருக்கின்றன. உங்கள் 132 ரூபாய்ப் பாக்கெட் 750 கிராம் என்றால் கிலோ 176 ரூபாய் விழுகிறது. 155 ரூபாய்க்கு 910 கிராம் என்றால் கிலோ 170 தான். எண்ணெயை மில்லிலிட்டரில் ஒப்பிடாதீர்கள். எப்போதும் கிராமில் ஒப்பிடுங்கள்.

எம்ஆர்பிக்கு அருகில் ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று அலகு விலையையும் அச்சிட்டிருப்பார்கள். அது எம்ஆர்பியை வைத்துப் போட்ட கணக்கு. தள்ளுபடிக்குப் பிறகு விழும் விலை அதில் இருக்காது, அதை நீங்கள்தான் போட வேண்டும்.

டின் வாங்குகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 15 கிலோ டின், 15 லிட்டர் டின் என இரண்டு வகை இருக்கின்றன. 15 லிட்டரில் இருப்பது சுமார் 13.65 கிலோ. 15 கிலோ டின்னில் ஏறக்குறைய 16.5 லிட்டர் இருக்கும். ஒன்றரை லிட்டர் வித்தியாசம் இருக்கும்போது இரண்டு டின்னின் விலையை நேராக ஒப்பிட முடியாது. மாதம் மூன்று லிட்டர் செலவாகும் வீட்டுக்கு டின் ஐந்து மாதம் வரும். திறந்த எண்ணெயில் காற்றும் வெளிச்சமும் பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். அக்கா தங்கை வீடுகளோ அக்கம்பக்கமோ மூன்று குடும்பம் சேர்ந்தால் டின் வாங்குங்கள். தனி வீட்டுக்கு வேண்டாம்.

2000 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை 9 ரூபாய் என்கிறார்கள். எங்கள் பில் 1650 தான் வருகிறது. மீதிக்கு ஏதாவது வாங்கிச் சலுகையைப் பிடிக்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

வேண்டாம். வெளியே சர்க்கரை 45 ரூபாய் என்றால் உங்களுக்கு மிச்சம் 36 ரூபாய், 2000-க்கு அது 1.8 சதவீதம். அந்த 36 ரூபாய்க்காக 350 ரூபாய்க்குத் தேவையில்லாததை வாங்குவீர்கள். அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகும் சோப்பு, சலவைத்தூள் போலக் கெடாத பொருளால் 350-ஐ நிரப்ப முடிந்தால் மட்டும் சரி.

பில் போடும் முன் கல்லாவில் மூன்று விஷயம் கேளுங்கள். அரிசி, எண்ணெய், பால் பொருள்கள், குழந்தை உணவு ஆகியவை 2000 கணக்கில் சேருமா? சில கடைகளில் இவற்றைச் சேர்ப்பதில்லை, கடைசியில் பில் 1900-இல் நின்றுவிடும். தள்ளுபடிக்கு முந்தைய தொகையா, பிந்தைய தொகையா? பில்லுக்கு ஒரு கிலோதானா? அப்படியென்றால் 4000 ரூபாய்ச் சாமானை இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். ஒரே கைப்பேசி எண்ணுக்கு ஒரு நாளில் ஒரு முறைதான் என்றால், வீட்டில் இன்னொருவர் எண்ணைக் கொடுக்கலாம்.

அரிசி மூட்டை முன்பு 25 கிலோ. இப்போது 26 கிலோ என்று ஏன் வருகிறது? எது லாபம்?
- வாசகர், பென்னாகரம்

2022 ஜூலை 18 முதல், பொதிந்து பெயர் அச்சிட்ட அரிசி, பருப்பு, மாவு 25 கிலோ வரையிலான மூட்டைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 25 கிலோவைத் தாண்டினால் இல்லை. அதனால்தான் 26 கிலோ மூட்டை. இங்கேயும் கிலோ விலைதான் பேச வேண்டும். 25 கிலோ 1400 என்றால் கிலோ 56, 26 கிலோ 1404 என்றால் கிலோ 54. வரி இல்லாத மூட்டையிலும் 56 விழுகிறதென்றால் அந்த மிச்சம் உங்களுக்கு வரவில்லை. தராசில் நிறுத்து விற்கும் சில்லறை அரிசிக்கும் இந்த வரி கிடையாது.

விலை ஒன்றாக இருந்தால் பழைய அரிசியை வாங்குங்கள். புது அரிசி குழைந்துவிடும், உலையில் பழைய அரிசி அளவுக்குக் காணாது.

துவரம்பருப்பு விலை இறங்கும்போது பத்து கிலோ வாங்கினேன். இரண்டே மாதத்தில் வண்டு. மொத்தமாக வாங்குவதே தப்பா?
- வாசகி, அரூர்

தப்பில்லை. புதுப் பருப்பு டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் அறுவடையாகி வரும், அதற்குப் பிறகு வாங்குவது நல்ல யோசனைதான். கடையிலிருந்து வரும்போதே வண்டின் முட்டைகளும் பருப்போடு வந்துவிடுகின்றன. மூடி வைத்தால் மட்டும் போதாது.

வாங்கிய அன்றே பிரியுங்கள். மெல்லிய படலமாகப் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். மாலையில் எடுத்து நிழலில் முழுக்க ஆற விடுங்கள். பலருக்குக் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்: சூட்டோடு டப்பாவில் கொட்டினால் உள்ளே வியர்த்து, பூஞ்சணம் பிடிக்கும். ஆறியபின் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டு நன்றாகப் பிசறி, காற்றுப் புகாத பாத்திரத்தில் விளிம்பு வரை நிரப்புங்கள். சமைக்கும்போது இரண்டு முறை கழுவினால் வாடை இருக்காது. பத்து கிலோவையும் ஒரே டப்பாவில் போடாமல் மூன்றாகப் பிரித்தால், தினம் திறப்பது ஒன்றுதான். மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

ரவை, மைதாவை இப்படி வைக்க முடியாது. ரவையை வறுத்து ஆற வைக்கலாம். மைதாவை மாதத்துக்கு உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

நம் பக்கத்தில் ஆண்டுக்கு ஒரு முறை வாங்க வேண்டியது புளி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புதுப்புளி சந்தைக்கு வரும், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையையும் காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையையும் அப்போது பாருங்கள். ஓடு நீக்கிய கொட்டைப்புளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டையும் நாருமாகப் போய்விடும். அதனால் அதன் விலையை 0.6-ஆல் வகுத்துப் பாருங்கள். கொட்டைப்புளி 80 ரூபாய் என்றால் உள்ளே இருக்கும் சதை 133 ரூபாய்க்குச் சமம். கொட்டை எடுத்த புளி 130-க்குக் கிடைத்தால் அதையே வாங்குங்கள், தட்டிக் கொட்டை எடுக்கும் வேலையும் மிச்சம். ஒரு நாள் வெயிலில் காய வைத்து, கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு தூவி, மண் அல்லது கண்ணாடி ஜாடியில் அழுத்தி வையுங்கள். அலுமினியம், இரும்புப் பாத்திரம் கூடாது, புளியின் அமிலம் அரித்துவிடும்.

தட்டில் ஒட்டியிருந்த விலை 89. பில்லில் 104. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். என்ன செய்யலாம்?
- வாசகர், ஓசூர்

பில்லோடு போய்க் கேளுங்கள். பெரும்பாலும் சலுகை முடிந்தும் அட்டையை மாற்றாமல் விட்டிருப்பார்கள், அல்லது கணினியில் புது விலை ஏறியிருக்காது. இனி சலுகைப் பொருளை எடுக்கும்போதே அந்த விலை அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். கல்லாவை விட்டு நகரும் முன் சலுகைப் பொருள்களின் வரிகளை மட்டுமாவது சரிபாருங்கள். அச்சிட்ட எம்ஆர்பியைவிடக் கூடுதலாக வாங்கினாலோ, எம்ஆர்பி மேல் கூடுதல் விலை ஒட்டியிருந்தாலோ அது சட்டப்படி குற்றம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பில்லும் பாக்கெட்டும் கையில் இருக்கட்டும்.

சூப்பர் மார்க்கெட் தக்காளிச் சலுகையா, உழவர் சந்தையா?
- வாசகி, கிருஷ்ணகிரி

உழவர் சந்தை. மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் வெளிக்கடைச் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் அன்றாடம் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். காலை எட்டு மணிக்குள் போனால் தரமும் கிடைக்கும். கடைகளில் தக்காளி, வெங்காயத்தை மலிவாக வைப்பதே ஆட்களை உள்ளே வரவழைக்கத்தான். வேறு வேலையாகப் போனபோது கிடைத்தால் வாங்குங்கள், அதற்காகவே போகாதீர்கள்.

தேதி முடியப்போகும் பொருளைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், ஊத்தங்கரை

வாங்கலாம், இரண்டு பார்வை பார்த்துவிட்டு. 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அந்தத் தேதிக்குப் பிறகு சுவையும் மணமும் குறையத் தொடங்கும். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்றால் அதற்குப் பிறகு சாப்பிடவே கூடாது. பனீர், தயிர், ரொட்டி போன்றவற்றில் இதைக் கட்டாயம் பாருங்கள். பிறகு, மீதமிருக்கும் நாட்களை உங்கள் வீட்டு ஒரு நாள் செலவால் பெருக்குங்கள். 20 நாள் இருக்கிறது, தினம் 15 கிராம் காபித்தூள் செலவாகிறது என்றால் 300 கிராம்தான் வாங்கலாம். அரை கிலோ பாக்கெட் பாதி விலை என்றாலும் எடுக்காதீர்கள், 200 கிராம் பாக்கெட் ஒன்று போதும்.