கெடு முடிந்தால் அட்வான்ஸ் போய்விடுமா?

கேள்வி: 38 லட்சத்துக்கு ஒரு வீட்டை விலை பேசி, 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தோம். 20 ரூபாய் பத்திரத்தில் மூன்று மாதக் கெடு போட்டு எழுதிக்கொண்டோம், பதிவு செய்யவில்லை. வங்கிக் கடனுக்காக மூலப்பத்திரம் கேட்டபோதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தவர், இப்போது கெடு முடிந்துவிட்டது, அட்வான்ஸ் கிடையாது என்கிறார். என்ன செய்வது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, ஆனால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் கெடு எழுதியிருக்கும் பத்தியை மெதுவாகப் படியுங்கள். "குறித்த கெடுவுக்குள் கிரையம் பெறத் தவறினால் அட்வான்ஸ் தொகையை இழந்துவிட வேண்டியது" என்று இருக்கும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா இவற்றை விற்பவர் எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். என்னிடம் வருகிற பத்து ஒப்பந்தத்தில் எட்டில் அது இருக்காது. பழைய ஒப்பந்தம் ஒன்றை அப்படியே நகலெடுத்து, பெயரையும் தொகையையும் மாற்றி, "மூன்று மாதம்" என்பதைப் பேனாவால் நிரப்பித் தந்துவிடுகிறார்கள். கெடு வாங்குகிறவருக்கு மட்டும் ஓடுகிறது, விற்கிறவருக்கு ஓடுவதே இல்லை. எனக்கு இதில்தான் கோபம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். வீடு, நிலம் விற்பனையில் கெடு தாண்டிய மறுநாளே ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது என்பதுதான் பொதுவான நிலை. ஒப்பந்த வாசகத்தையும், தாமதம் யாரால் வந்தது என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். அட்வான்ஸை எடுத்துக்கொள்ளும் உரிமையும் தவறு வாங்குபவருடையதாக இருந்தால்தான் எழும். அதனால் நீங்கள் மூலப்பத்திரம் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், வங்கி கேட்ட ஆவணங்களின் பட்டியல், கடன் அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிறகு "மீதிப் பணத்தோடு கிரையம் பெற நான் தயார், நீங்கள்தான் ஆவணம் தரவில்லை" என்று வழக்கறிஞர் மூலமாக, கிடைத்ததற்கு அத்தாட்சி வரும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) நோட்டீஸ் அனுப்புங்கள். தயாராக இருந்தேன் என்று வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரைய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் செய்யவில்லை, அது குறைதான். ஆனாலும் கிரையம் செய்து தரச் சொல்லிப் போடும் வழக்கில் அந்தத் தாளைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம், தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. பெரிய ஆபத்து வேறு. பதிவாகாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வராது. விவரம் தெரியாத மூன்றாவது ஆள் நல்ல விலை கொடுத்து வாங்கிவிட்டால் வீடு உங்கள் கைக்கு வருவது கஷ்டம். ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்கு போடலாம்தான், ஆனால் இந்தக் காரணத்துக்காகவே அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. வழக்கு போடும்போது, கிரையம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸையாவது திருப்பித் தர வேண்டும் என்றும் மனுவில் கேளுங்கள். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது.

கேள்வி: என் மனைக்குப் பதிவு செய்த ஒப்பந்தம் போட்ட பார்ட்டி, கெடு முடிந்தும் வரவில்லை. வேறொருவர் வாங்கத் தயார், ஆனால் வில்லங்கத்தில் பழைய ஒப்பந்தம் நிற்கிறது என்று தயங்குகிறார்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அவர் தயங்குவது நியாயம். பழைய பார்ட்டியும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்டு ரத்துப் பத்திரம் பதிவு செய்வதுதான் சுத்தமான வழி. அட்வான்ஸில் எவ்வளவு திருப்பித் தருவது என்று பேசி முடியுங்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் வழக்குச் செலவை விடக் குறைவாகவே ஆகும். அவர் பேச்சுக்கே வரவில்லை என்றால் நோட்டீஸ், அப்புறம் நீதிமன்றம். அதற்குள் புதியவரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

கேள்வி: வாங்கப்போகிற நிலத்துக்கு 2 லட்சம் அட்வான்ஸை ரொக்கமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம். சொத்து விற்பனைக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அந்தப் பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதை அவரிடம் சொல்லுங்கள், காசோலைக்கு ஒப்புக்கொள்வார். காசோலை எண்ணையும் தேதியையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.