5 சிவப்பு, 3 நீலம்: விடை 15/28 தானா?

15/28 சரிதான் தம்பி. 5 சிவப்புப் பந்து, 3 நீலப் பந்து இருக்க, திரும்பப் போடாமல் இரண்டு பந்து எடுத்தால் வேறு வேறு நிறம் வரும் வாய்ப்பு என்ன என்பதுதானே தேர்வில் வந்த கேள்வி?

15/56 என்று சாதிக்கும் நண்பர்கள் முதலில் சிவப்பு, அப்புறம் நீலம் என்ற ஒரு வழியை மட்டும் பார்த்திருப்பார்கள்: 5/8 × 3/7. நீலம் முதலில் வந்தாலும் நிறம் வேறுதான். அதுவும் 15/56. கூட்டினால் 30/56, சுருக்கினால் 15/28.

சுங்கை சிப்புட் பஸ் ஸ்டாண்டில் தோட்டத்துப் பஸ் வரும்வரை சண்டை என்கிறீர்கள். நாளைக்கு அவர்களையே ஒரே நிறம் வரும் வாய்ப்பைப் போடச் சொல்லுங்கள். இரண்டும் சிவப்பு 20/56, இரண்டும் நீலம் 6/56. இந்த 26-உடன் உங்கள் 30 சேர்ந்தால் 56, முழுசாக 1. அவர்களுடைய 15-ஐச் சேர்த்தால் 41-தான். மீதி எங்கே போச்சு என்று கேளுங்கள்.

ஆனால் கேள்வியில் "முதல் பந்து சிவப்பு, இரண்டாவது நீலம்" என்றே இருந்திருந்தால் அவர்கள் சொன்னதுதான் சரி. எஸ்.பி.எம். (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) கணிதம் தாள் 2-இல் விடையைக் கேள்வித்தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுவதால் இப்போது கேள்வியைப் பார்க்க வழியில்லை.

15/56 என்று எழுதிவிட்டு அழுததாக நீங்கள் சொன்ன அந்தத் தங்கச்சியிடம் சொல்லுங்கள்: செய்முறைக்கும் புள்ளி உண்டு. 5/8 × 3/7 என்று எழுதியது வீண்போகாது.